மருந்தடிப்பு ரிஜிஸ்டரை வைத்து ஆட்கள் மேல் எவ்வளவு பட்டது என்று சொல்ல முடியுமா?

ஏலமலை ரைட்டர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் போடி. கேரளாவின் உடும்பன்சோலை தாலுகாவில் 60 ஏக்கர் ஏலத்தோட்டம் ஒன்றில் ஒன்பது வருஷமாக ரைட்டர் வேலை. செக்ரோல் (ஆள் வருகை, கூலிப் பதிவேடு) எழுதுவது, மருந்தடிப்பு ரிஜிஸ்டர் எழுதுவது, பச்சைக்காய் எடை நோட்டு எழுதுவது எல்லாம் நான்தான்.

போன ஆவணியில் ஒரு நாள், காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவுக்குப் பதினொரு மணி வாக்கில் வாந்தி. வேர்த்துக் கொட்டியது, கண் மங்குகிறது என்றார். ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பினோம். “வெறும் வயித்தோட மலை ஏறி வந்திருப்பா” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நானும் செக்ரோலில் அவர் பெயருக்கு நேராக அரை நாள் என்று போட்டுவிட்டுப் போய்விட்டேன். ராத்திரி கணக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. அவர் காய் எடுத்த மூணாம் பிளாக்கில் முந்தின நாள் மத்தியானம் குயினால்பாஸ் என்ற பூச்சிமருந்து அடித்திருக்கிறது. ரிஜிஸ்டரிலும் என் கையெழுத்து, செக்ரோலிலும் என் கையெழுத்து. எழுதும்போது இரண்டையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கு அவருக்கு வந்தது மருந்தால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அதிலிருந்து மனசு கேட்கவில்லை.

ரிஜிஸ்டரில் இருப்பது இவ்வளவுதான்: தேதி, பிளாக், மருந்துப் பெயர், ஒரு டிரம்முக்கு எத்தனை மில்லி, மொத்தம் எத்தனை டிரம், ஆள் எத்தனை. எங்கள் கணக்கு இப்படிப் போகும். டிரம் 200 லிட்டர். ஏக்கருக்கு நாலு டிரம். ஒரு மெஷின், இரண்டு கன் (மருந்து பீய்ச்சும் துப்பாக்கி). ஒரு நாளைக்கு 12 டிரம் ஓடும், அதாவது மூணு ஏக்கர். தோட்டம் முழுக்க ஒரு சுற்று முடிக்க இருபது நாள் ஆகும். மழை இல்லாவிட்டால் அடுத்த சுற்று உடனே தொடங்கிவிடும்.

இதை வைத்து யாருக்கு எவ்வளவு பட்டிருக்கும் என்று கணக்குப் போட முடியுமா? “வருஷத்துக்கு இத்தனை லிட்டர் அடித்தோம்” என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆள் வாரியாகத் தெரிய வேண்டும்.

மேட்டுப்பாளையத்தான் (இப்போது பிரெஸ்னோ)

தம்பி, நல்ல கேள்வி. நான் இங்கே கலிபோர்னியாவில் இந்த மாதிரித் தரவோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

இங்கே 1990 முதல் விவசாயத்துக்கு அடிக்கும் எந்த மருந்தானாலும் மாதாமாதம் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வேளாண் ஆணையரிடம் கணக்குக் கொடுத்தாக வேண்டும். என்ன மருந்து, என்ன பயிர், எந்தத் தேதி, எத்தனை ஏக்கர், எவ்வளவு என்று ஒரு சதுர மைல் கட்டம் வரைக்கும் பதிவு இருக்கும். உலகத்தில் இவ்வளவு விவரமாக எழுதி வைக்கும் இடங்கள் குறைவு. ஆனால் இதிலும் ஆள் கணக்கு கிடையாது. அன்றைக்கு அந்த வயலில் யார் நின்றார்கள் என்பது அதில் இல்லை. அதனால் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு எவ்வளவு போயிருக்கும் என்ற ஆய்வுகளுக்கு இது நன்றாக உதவுகிறது. சாலினாஸ் பள்ளத்தாக்கில் தாய்மாரையும் குழந்தைகளையும் 1999 முதல் தொடர்ந்து பார்த்துவரும் பெர்க்லி ஆய்வுக்காரர்கள்கூட இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வேலையாள் என்று வந்தால் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும். உன்னிடம் செக்ரோலும் இருக்கிறது. அந்த வகையில் நீ எங்களைவிடப் பணக்காரன்.

சரி, கணக்கு. முதலில் லிட்டரை மற. அசல் மருந்து எத்தனை கிராம் என்று மாற்று. குயினால்பாஸ் 25 இ.சி. (25 சதவீதத் திரவ மருந்து) என்றால் லிட்டருக்கு 250 கிராம். லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி போடுகிறீர்கள் என்றால் டிரம்முக்கு 400 மில்லி, அதாவது 100 கிராம். 12 டிரம் என்றால் 1200 கிராம்.

இப்போது அதை வேலை வாரியாகப் பிரி. கன் பிடிப்பவர்கள் இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 600 கிராம்தான் அவர்கள் கை வழியாகப் போகிறது. மருந்து கலப்பவர் ஒரே ஆள் என்றால் 1200 கிராமும் அவர் கை வழியாக. அதுவும் தண்ணீர் கலக்காத மருந்து. ஒரு சொட்டு விரலில் பட்டாலும் கன்னிலிருந்து வரும் தண்ணீரைப்போல 500 மடங்கு கெட்டி. இங்கே வேலையாளுக்கு உள்ளே பருத்தி பனியனும் கால்சட்டையும் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அதைக் கழற்றிச் சோதித்து, கை கழுவிய தண்ணீரையும் சோதித்து, “ஒரு பவுண்டு மருந்தைக் கையாண்டால் உடம்பில் எத்தனை மைக்ரோகிராம் படும்” என்று வேலை வாரியாக அட்டவணை வைத்திருக்கிறார்கள். உன் கிராமைப் பவுண்டாக்கி அதோடு பெருக்கினால் ஓர் ஊகம் கிடைக்கும்.

அயோவாவிலும் வட கரோலினாவிலும் 1993இல் தொடங்கிய பெரிய விவசாயி ஆய்வில் இன்னும் எளிய வழி ஒன்று வைத்தார்கள். எப்போதும் தானே கலப்பவருக்கு 9 புள்ளி, கையால் தெளிப்பவருக்கு 9, டிராக்டர் பூம் (டிராக்டரில் கட்டிய நீளத் தெளிப்புக் குழாய்) என்றால் 3, மெஷினைப் பிரித்துச் சரிசெய்பவருக்கு 2. எல்லாம் கூட்டி, கையுறை போட்டிருந்தால் அதற்கேற்பக் குறைத்து, நாள் எண்ணிக்கையால் பெருக்கு. ஆனால் அது தானே கலந்து தானே அடிக்கும் விவசாயிக்காகச் செய்த கணக்கு. உங்கள் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு வேலை. காய் எடுப்பவர் அதில் வரவே மாட்டார்.

காய் எடுப்பவருக்கு வேறு கணக்கு. இலையில் சதுர செ.மீ.க்கு எவ்வளவு மருந்து ஒட்டியிருக்கிறது, மணிக்கு எவ்வளவு இலைப் பரப்பு அவர் மேல் உரசுகிறது, எத்தனை மணி நேரம். மூன்றையும் பெருக்க வேண்டும். அளந்த எண் கையில் இல்லாவிட்டால் ஐரோப்பாவில் எடுத்துக்கொள்வது, ஹெக்டேருக்கு ஒரு கிலோ அடித்தால் இலையில் சதுர செ.மீ.க்கு 3 மைக்ரோகிராம். உங்கள் ஏக்கருக்கு 400 கிராம் ஹெக்டேருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ வந்துவிடும். காய்கறி பறிக்கும் ஆள் உடம்பை மூடிக்கொண்டு வெறுங்கையோடு பறித்தால் மணிக்கு 2500 சதுர செ.மீ. என்று வைக்கிறார்கள். 3 × 2500 × 8 மணி = 60,000 மைக்ரோகிராம், அதாவது தோலில் 60 மில்லிகிராம். கையுறையும் போட்டால் 2500க்குப் பதில் 580. கிட்டத்தட்ட 14 மில்லிகிராமுக்கு வந்துவிடும். தோலில் பட்டதெல்லாம் ரத்தத்துக்குப் போகாது, அது வேறு. ஆனால் யாரைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும் என்று இதிலேயே தெரியும்.

கம்பம் உரக்கடை

அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் ரிஜிஸ்டரில் எழுதியிருக்கும் பெயரை நம்பாதீங்க தம்பி. கடை நடத்துகிறவன், எனக்குத் தெரியும். ஒருத்தர் எக்காலக்ஸ் என்று கம்பெனிப் பெயரை எழுதுவார், ஒருத்தர் குயினால்பாஸ் என்று எழுதுவார், இன்னொருத்தர் இலைப்பேனுக்கு அடிப்பது என்பதால் “பேன் மருந்து” என்று எழுதிவிட்டுப் போவார். மூன்றும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பில்லை எடுத்து வைத்து, டப்பாவில் போட்டிருக்கும் அசல் பெயரையும் சதவீதத்தையும் பக்கத்தில் எழுதுங்க. லேபிள் முக்கோணத்தின் நிறத்தையும் எழுதுங்க. நச்சு குறையக் குறைய வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. ஒரு லிட்டர் மஞ்சளும் ஒரு லிட்டர் பச்சையும் ஒன்றில்லை. ஆனால் பச்சை என்றால் குடிக்கலாம் என்று நினைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. பில்லில் இருப்பது வாங்கியது, அடித்தது இல்லை. ஸ்டோரில் மிச்சம் இருக்கும், பக்கத்துத் தோட்டத்துக்குக் கைமாற்றுப் போகும். கேரளாவில் 2011லேயே மோனோகுரோட்டோபாஸ், பாராகுவாட், கார்போபியூரான், போரேட் எல்லாம் தடை. உங்கள் ரிஜிஸ்டரில் அதற்கப்புறம் அந்தப் பெயர்கள் இருக்காது. இருக்காது என்பதால் அடிக்கவில்லை என்று அர்த்தமா என்பதை நான் இங்கே எழுத மாட்டேன்.

அப்புறம், குளோர்பைரிபாஸை நீங்கள் வேர்ப்புழுவுக்குத் தூரில்தானே ஊற்றுவீங்க? இலையில் அடிப்பதும் தூரில் ஊற்றுவதும் ஒரே கணக்கில் வராது. அதைத் தனியாகப் பிரிச்சிடுங்க. ஊற்றுகிறவன் மேல் தெறிப்பதும் கம்மி, இலையிலும் இருக்காது.

தேவாரம் பையன்

எங்க அம்மா பதினெட்டு வருஷமா மலைக்குக் காய் எடுக்கப் போறாங்க. இதையெல்லாம் வாசிச்சுக் காட்டினேன். அவங்க சொல்லச் சொல்ல அப்படியே தட்டுகிறேன்.

“ரைட்டரய்யா, கடைக்காரர் சொன்னது தப்பு. காய் எங்கே இருக்கு? மேலயா இருக்கு? சரம் தூருலதான் கிடக்கு. நாங்க சாக்கை விரிச்சுத் தூருக்குப் பக்கத்துலதான் உட்காருறோம். சருகைக் கையால விலக்கி, சரத்தைத் தூக்கிப் பிடிச்சு, பழுத்த காயாப் பார்த்துக் கிள்ளணும். தூருல ஊத்தினா எங்க மடியில ஊத்தின மாதிரிதான். நகக்கண்ணு பூராக் கறுப்பா இருக்கும், அது காய்க் கறைன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம், அதுல எது கறை எது மருந்துன்னு யாரு பிரிச்சுப் பார்த்தா?

மேல இருக்கிற தட்டையெல்லாம் எங்க தலைக்கு மேல. காலையில போனா ராத்திரி பெஞ்ச தண்ணி இலையில இருந்து கழுத்துல சொட்டும். புடவைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டை போட்டிருப்போம். பத்து மணிக்குள்ள அது நனைஞ்சிரும். சாயங்காலம் ஜீப்புல ஏறி வீட்டுக்கு வர்ற வரைக்கும் அதே ஈரந்தான்.

கையுறை ஒரு தடவை குடுத்தாங்க. காய்க் காம்பு பிடிபடல. கிலோக் கணக்குல கூலி. யாரு போடுவா? வெத்திலை போடணும்னா கையைச் சட்டையில துடைச்சுக்கிட்டுப் போடுறதுதான்.

மருந்து வாடை அடிச்சா கங்காணிகிட்டச் சொல்வோம், வேற பிளாக்கு விடுவாரு. வாடை இல்லைன்னா ஒண்ணுமில்லைன்னு இருந்துருவோம்.”

அவ்வளவுதான் சொன்னாங்க. கடைசியா “அந்த அக்கா இப்ப நல்லா இருக்காளா”ன்னு கேக்கச் சொன்னாங்க.

மேட்டுப்பாளையத்தான் (இப்போது பிரெஸ்னோ)

அம்மா சொன்னதற்கு என்னிடம் அட்டவணை இல்லை. 2500 என்பது காய்கறிச் செடியில் நின்றபடியோ குனிந்தபடியோ பறிக்கும் ஆளுக்கு. ஈரச் சட்டையோடு தூரில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இல்லை. ஐரோப்பியப் பட்டியலில் ஏலக்காய் கிடையாது. என் 60 மில்லிகிராமைக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள், தம்பி. தூரில் ஊற்றியதையும் கணக்கில் சேர்.

தலைக்கு மேல் நிற்கும் பயிர் என்றதும் மகாராஷ்டிராவின் யவத்மால் ஞாபகம் வருகிறது. 2017இல் அங்கே பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருஷம் பருத்தி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது, மேல்நோக்கி அடித்ததெல்லாம் அவர்கள் மேலேயே இறங்கியது என்று சொன்னார்கள். எத்தனை லிட்டர் என்பதை மட்டும் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்காது.

பழைய நர்ஸ்

தேனிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். ரைட்டர் தம்பிக்கு இரண்டு விஷயம்.

குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் இரண்டும் ஒரே இனம், ஆர்கனோபாஸ்பேட். நரம்பிலும் ரத்தத்திலும் உள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கும். வேர்வை, எச்சில், வாந்தி, கண் மங்கல், கண்மணி சுருங்குவது எல்லாம் அதனால் வருவது. நீங்கள் எழுதியதில் இந்த ஐந்தில் மூணு இருக்கிறது. வெறும் வயிற்றுக்குக் கண் மங்குவது நான் அதிகம் பார்த்ததில்லை.

ரத்தத்தில் அந்த அளவைப் பார்க்கலாம். ஆனால் ஒரு தடவை பார்த்து “நார்மல்” என்று வந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். ஆளுக்கு ஆள் இயல்பான அளவே மிகவும் மாறும். ஒருத்தருக்குப் பாதியாகக் குறைந்திருந்தாலும் லேப் தாளில் நார்மல் கட்டத்துக்குள்ளேயே நிற்கலாம். அதனால் மருந்தடிக்காத காலத்தில், ஒரு மாதமாவது மருந்துப் பக்கம் போகாமல் இருந்த பிறகு, முதலில் ஒரு அளவு எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் சீசனில் எடுத்து அவரவர் பழைய அளவோடு ஒப்பிட வேண்டும்.

பிரெஸ்னோத் தம்பிக்குத் தெரிந்திருக்கும், கலிபோர்னியாவில் 1974 முதல் இதற்கு விதி உண்டு. முப்பது நாளில் ஆறு நாளுக்கு மேல் இந்த வகைக் கடுமையான மருந்துகளைக் கையாளும் ஆளுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். பழைய அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை செய்யும் முறையைச் சோதிக்க வேண்டும். சிவப்பணு அளவு 70க்கோ பிளாஸ்மா அளவு 60க்கோ இறங்கினால் அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட வேண்டும். திரும்ப 80 வந்த பிறகுதான் விடலாம்.

நம் நாட்டிலும் 1971ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளில் மருந்தடிக்கும் ஆளை வேலைக்கு எடுக்கும் முன்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவதும் டாக்டர் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. என் சர்வீஸில் அப்படி யாரும் ஆளைக் கூட்டிவந்து நான் பார்க்கவில்லை.

ஏலமலை ரைட்டர்

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். காய் சீசன்.

தேவாரம் அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த அக்கா நன்றாக இருக்கிறார். நாலு நாள் கழித்து வேலைக்கு வந்துவிட்டார்.

ஆடி முதல் ஐப்பசி வரை நாலு மாதத்தை மட்டும் எடுத்தேன். ரிஜிஸ்டரில் பிளாக் இருக்கிறது, ஆள் பெயர் இல்லை. செக்ரோலில் பெயர் இருக்கிறது, பிளாக் இல்லை. இடையில் நின்று காப்பாற்றியது எடை நோட்டுதான். பச்சைக்காய் எடை போடும்போது பிளாக் வாரியாக, ஆள் வாரியாக எழுதுவோம், கூலிக்காக. மூன்றையும் தேதி வைத்துச் சேர்த்தேன். ஏழு ராத்திரி ஆனது.

மருந்தடித்த மூணு நாளுக்குள் அதே பிளாக்கில் காய் எடுத்தது 11 நாள். ஒன்பது பேர் உள்ள ஒரே செட்டுதான் பெரும்பாலும். அந்த அக்கா 11இல் 8 நாள் அங்கே இருந்திருக்கிறார். கடை அண்ணன் பிரித்து வைக்கச் சொன்ன தூர் மருந்தைத் தேவாரம் அம்மா சொன்னபடி திரும்பச் சேர்த்தபோதுதான் 11 வந்தது. சேர்க்காவிட்டால் 7.

ஆனால் நான் எதிர்பார்க்காதது வேறு. மருந்து கலப்பவர் யார் என்று தேடினேன். மருந்தடிப்பில் “ஆள் 5” என்று இருக்கிறதே, அந்த ஐந்தில் அவர் இல்லை. இரண்டு பேர் கன், மூன்று பேர் ஓஸ் இழுப்பது. கலப்பவர் செக்ரோலில் “பம்பு” என்ற தலைப்பில் இருக்கிறார். ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்றும் ஆள் என்பதால் ஆதிகாலத்திலிருந்து அப்படியே எழுதி வருகிறோம். எனக்கு முன்னால் இருந்த ரைட்டரும் அப்படித்தான் எழுதினார். நாலு மாதத்தில் 62 நாள் அவர் ஒருவரே கலந்திருக்கிறார். அதில் ஆர்கனோபாஸ்பேட் 38 நாள். நாளைக்கு 1200 கிராம் வீதம் 45 கிலோவுக்கு மேல். ஒன்பது வருஷமாக எங்கள் தோட்டத்தின் மருந்தடிப்புக் கணக்கில் அவர் பெயரே கிடையாது.

போய் நின்று பார்த்தேன். டப்பா மூடியில் அளந்து ஊற்றுகிறார். வெறுங்கை. ஒவ்வொரு டிரம்முக்கும் மூடியைத் திறந்து, அளந்து, ஊற்றி, அதே மூடியை டிரம் தண்ணீரில் முக்கிக் கழுவுகிறார். முழங்கை வரைக்கும் உள்ளே போகிறது. பிறகு ஒரு குச்சியால் கலக்குகிறார். குச்சி குட்டை. “கையுறை இருக்கே அண்ணே” என்றேன். ஸ்டோரில் பூட்டி இருக்கிறது, சாவி மேனேஜரிடம் என்றார். கிட்டே போய்ப் பார்த்தேன், வலது கைத் தோல் கருவாடு மாதிரி வெடித்திருந்தது.

மேனேஜரிடம் எடுத்துப் போனேன். “இதை எதுக்கு நோண்டுற?” என்றார். ஆள் கதையைச் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சவூதிக்குப் போன இந்திய ஏலக்காய் மருந்து எச்சத்தால் திரும்பி வந்த கதையை எடுத்துவிட்டேன். அடித்த மூணாம் நாள் எடுக்கிற காயில் எவ்வளவு எச்சம் இருக்கும், ஏலத்தில் விலை என்ன ஆகும் என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் ஒத்துக்கொண்டார். இனி ஒரு பிளாக்கில் முதலில் காய் எடுப்பு, பிறகுதான் மருந்து. சாப்பிடுகிறவனுக்காகச் செய்தது எடுக்கிறவளுக்கும் ஆனது, எப்படியோ ஆகட்டும்.

கையுறை வெளியே வந்துவிட்டது. நீளக் குச்சியும், பிடி வைத்த அளவுக் குவளையும் நானே போடியில் வாங்கி வந்தேன். கலக்கும் அண்ணனுக்கு ரத்தம் பார்ப்பதுதான் பாக்கி. நர்ஸம்மா சொன்ன மாதிரி மருந்தில்லாத மாதம் வேண்டும். மாசி, பங்குனியில் சீசன் ஓய்ந்ததும் அழைத்துப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். “எனக்கு ஒண்ணுமில்ல தம்பி, ராத்திரி தலைவலி மட்டுந்தான்” என்கிறார்.

செக்ரோலில் “பம்பு” என்பதை அடித்துவிட்டு “கலப்பு” என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். நேற்று ஆபீஸிலிருந்து சம்பளக் கணக்குப் பார்ப்பவர் போன் பண்ணி, இது என்ன புது வேலை, இதற்கு என்ன ரேட் என்று கேட்டார்.